பொடக்காலித் திண்ணைக்குக் கூரை போட்டது

எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. குடிமங்கலம் பக்கம், பல்லடத்திலிருந்து உடுமலை போகிற ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே, சுற்றிலும் தென்னை, தென்னைக்கு மேலே எந்தப் பக்கம் திரும்பினாலும் கரண்டு எடுக்கிற காத்தாடி. கிழக்கு வாசல் ராசி என்பார்கள், அது இருக்கட்டும். ஆனால் வாசல் கிழக்கே என்றால் பொடக்காலி, அதாவது வீட்டின் பின்பக்கம், மேற்கே வந்துவிடும் என்பதை வீடு கட்டும்போது யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நம்ம பக்கத்தில் சாயங்கால வெயில் மேற்கே இருந்து வருகிறது, ஆடிக்காத்தும் மேற்கே இருந்துதான் வருகிறது. இரண்டும் நேராக வந்து விழுகிற இடம் எங்கள் பொடக்காலித் திண்ணை.

காங்கயத்தில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் போன் பண்ணி, "அக்கா, நாங்களும் பின்னாடி ஷீட்டுப் போடலாம்னு இருக்கறோம், உங்க ஊட்டுல போட்டது நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினேன். அப்புறமும் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிற மாதிரி தோன்றியது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். ஏனென்றால் நாங்கள் இந்தக் கூரையை இரண்டு முறை போட்டோம்.

திண்ணை என்றால் சின்னது இல்லை. சமையலறைக் கதவைத் திறந்ததும் ஒன்றரை அடி உயரத்தில், 20 அடி நீளம், 18 அடி அகலத்தில் பலகைக்கல் பாவியது, என் வீட்டுக்காரரின் அப்பாரு, அதாவது தாத்தா, காலத்தில் கட்டியது. வீட்டில் முன்பக்கம் ஆசாரம் என்கிற கூடமும் சோபாவும் விருந்தாளிக்கு இருக்கின்றன, நாங்கள் வாழ்வது என்னவோ இந்தத் திண்ணையில்தான். தேங்காய் உரிப்பது, கடலைக்காய் தொலிப்பது, நோம்பிக்குச் சந்தகை பிழிவது, தண்ணி வாக்க வெந்தண்ணி காய்கிற விறகடுப்பு, மிளகாய் காய்வது, குழந்தையின் தூளி, ஆத்தாவின் கயிற்றுக்கட்டில் எல்லாம் இங்கேதான். ஆத்தா என்றால் என் மாமனாரைப் பெற்றவர். எண்பதைத் தாண்டியும் பகல் முழுக்க இந்தத் திண்ணையில்தான் இருப்பார், உள்ளே ஃபேனுக்கு அடியில் படுங்கள் என்றால் கேட்க மாட்டார்.

முதல் கூரை 2019-ல் போட்டது. நான் அப்போது பிரசவத்துக்குத் தாராபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். திரும்பி வரும்போது பொடக்காலியில் நீலக் கலர் ஷீட்டு பளபளவென்று இருந்தது, ஆறு தூண், ஓரமெல்லாம் மடித்து, பார்க்க அவ்வளவு அழகு. ஷெட்டுப் போட்டவர் மூன்றே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். சிவில் டிப்ளமோ படித்திருக்கிறேன், கலியாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் கட்டட வேலையில் அளவுக் கணக்கு எழுதியிருக்கிறேன், ஆனாலும் கைக்குழந்தையோடு வந்து இறங்கிய அன்றைக்குத் தூணின் அடியைக் குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கூரை வீட்டுச் சுவரில் முட்டுகிற இடத்தில் ஒரு பொட்டுச் சந்து இல்லாமல் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார்கள். மழை ஒழுகக் கூடாது என்று. முதல் கோடையிலேயே அதன் பலன் தெரிந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். சூடான காத்து மேலே ஏறி, போக வழி இல்லாமல் சுவரோரம் தங்கிக்கொண்டது. அடுப்புப் புகையும் அப்படியே. முன்பெல்லாம் வானத்துக்குப் போன புகை இப்போது ஆள் உயரத்துக்குத் தொங்கியது, ஆத்தாவுக்கு இருமல் வந்தது, அடுப்பைத் திண்ணையைவிட்டுக் கீழே இறக்கினோம். வெயிலுக்காகப் போட்ட கூரை, அதற்கடியில் இருக்க முடியவில்லை என்று அடுப்பும் கட்டிலும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டன.

2020 ஆடியில் கூரை கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. தகரம் என்றால் சத்தம் வரும்தானே என்று விட்டுவிட்டோம். 2021-ல், ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், லாரி வந்து சுவரில் மோதின மாதிரி ஒரு சத்தம். கதவைத் திறந்தால் தலைக்கு மேலே வானம் தெரிகிறது. மேற்கு வரிசைத் தூண்கள் மூன்றும் கல்லைப் பெயர்த்துக்கொண்டு மேலே தூக்கி, கூரை அப்படியே புரண்டு வீட்டு ஓட்டின் மேல் விழுந்து கிடந்தது. ஓடு இருநூறுக்கு மேல் உடைந்துபோனது. சுவரில் முடுக்கியிருந்த ஆங்கிள் செங்கல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது. கூரைப் பைப்பில் கட்டியிருந்த தூளிச் சேலை கிழிந்து தென்னை மட்டையில் மாட்டியிருந்ததைக் காலையில்தான் பார்த்தோம். குளிர்காத்து என்று அன்றைக்கு ஆத்தா அதிசயமாக உள்ளே படுத்திருந்தார். குழந்தையும் உள்ளே. அதற்குமேல் அந்த ராத்திரியைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

காலையில் ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும், தகரம் எம்மாத்திரம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆத்தா ஒன்றும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மிணி, அந்தக் காலத்துல காட்டுக்குள்ள சாளை போட்டிருந்தம். பனையோலைதான். ஒரு ஆடிக்கும் போகல. ஓலைக்கு மூச்சு உண்டு சாமி, காத்து பாதி உள்ள பூந்து போயிரும். நீங்க மூச்சடைச்சல்ல கட்டி வெச்சீங்க?"

அதைக் கேட்ட பிறகுதான் பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

முதலில் காத்து ஏன் இங்கே இப்படி அடிக்கிறது என்பது. மேற்குத் தொடர்ச்சி மலை நீளத்துக்கும் சுவராக நிற்கிறது, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் மட்டும்தான் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காத்து அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று விரிகிறது. காத்தாடிகளை இங்கே கொண்டுவந்து நட்டது அதற்காகத்தான். வைகாசிக் கடைசியில் சுற்ற ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் நிற்பதில்லை. கம்பெனிக்காரர்கள் கோடிக்கணக்கில் பணம் போட்டுக் காத்தைப் பிடிக்கிற ஊரில் நாம் அதே காத்துக்கு எதிராக ஒரு தகரத்தை நீட்டி வைக்கிறோம், அது என்ன செய்யும் என்று கேட்காமல்.

அரை மில்லிமீட்டர் கலர் ஷீட்டு ஒரு சதுர மீட்டருக்கு நாலு, அஞ்சு கிலோ எடைதான் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காத்து ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 17 கிலோ எடை அளவுக்கு அழுத்தும். காத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும், இரண்டு மடங்கு இல்லை. கட்டடங்களுக்கான ஐ.எஸ். 875 தரநிலையில் கோயமுத்தூருக்குக் கொடுத்திருக்கிற அடிப்படைக் காத்து வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அதற்குக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 93 கிலோ வருகிறது. எங்கள் கூரை 20 அடிக்கு 12 அடி, அதாவது 22 சதுர மீட்டர், ஆக இரண்டு டன். பைப்பு, ஷீட்டு, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்தாலும் அந்த முதல் கூரை 500 கிலோ வந்திருக்காது. கூரை கீழே விழாமல் இருக்கத் தூண் வைக்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், இந்தப் பக்கத்தில் கூரை மேலே போகாமல் இருக்கத்தான் தூண் வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னபோது என் மாமனார் முதலில் நம்பவில்லை. பெயர்ந்து கிடந்த பலகைக்கல்லைக் காட்டினேன். மூணு இஞ்ச் போல்டு அந்தக் கல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது, கல்லைப் பிடித்துக்கொள்ள அடியில் ஒன்றுமே இல்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மேற்கே திறந்த கூரை, கிழக்கே வீட்டுச் சுவர், நடுவில் சந்தைப் பூசி அடைத்தாயிற்று. மேற்கே இருந்து வருகிற காத்து உள்ளே நுழைந்து சுவரில் முட்டி, போக இடம் இல்லாமல் கூரையை அடியில் இருந்து மேலே தள்ளுகிறது. அதே நேரம் கூரைக்கு மேலே ஓடுகிற காத்து அதை உறிஞ்சுகிறது. ஒருத்தர் தள்ள, ஒருத்தர் இழுக்க. ஆத்தா மூச்சு என்று சொன்னது இதைத்தான். சூடு தங்கியதும், புகை தங்கியதும், கடைசியில் கூரையே போனதும் அந்த ஒரே பூச்சால் வந்தவை.

அதனால் இரண்டாவது கூரைக்கு நான் வைத்த முதல் நிபந்தனை, அது வீட்டுச் சுவரைத் தொடக் கூடாது. வீட்டு ஓட்டின் எறவாணம், அதாவது ஓட்டுக் கூரையின் கீழ் ஓரம், திண்ணையிலிருந்து 9 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு சாண் கீழே, எட்டேகால் அடியில் புதுக் கூரை ஆரம்பிக்கிறது. எறவாணத்துக்கு அடியில் ஒன்றரை அடி உள்ளே போயிருக்கிறது, ஆனால் ஓட்டையும் தொடவில்லை, சுவரையும் தொடவில்லை. ஓட்டிலிருந்து வடிகிற மழைத் தண்ணி புது ஷீட்டின் மேல் விழுந்து மேற்கே ஓடிவிடும். காத்து வந்தால் அந்த ஒரு சாண் சந்தில் புகுந்து மேலே போய்விடும். சூடும் புகையும் அதே வழி. அடுப்பு மறுபடியும் திண்ணைக்கு ஏறி வந்துவிட்டது.

"சந்து உட்டா மழை உள்ள வராதா?" என்று பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நம்ம ஊருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. கிழக்கு வாசல் வீட்டில் அந்த மழையை வீடே தாங்கிக்கொள்கிறது, பொடக்காலி மழை மறைவில் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருவது சாரல், அது எப்படியும் திண்ணையின் வெளி ஓரமாக நாலடி நனைக்கத்தான் செய்யும். சித்திரையில் இடியோடு வருகிற கோடை மழைக்குத் திசை கிடையாது, அதற்கு மட்டும் வருஷத்துக்கு நாலைந்து முறை சுவரோரம் நனைகிறது. துடைத்துவிட்டால் போயிற்று. உங்கள் பொடக்காலி வேறு திசையில் இருந்தால் இந்தக் கணக்கு மாறும், அதையும் சித்தி மகளிடம் சொன்னேன். அவள் வீடு வடக்குப் பார்த்தது.

வீட்டுச் சுவரைத் தொடாததற்கு இன்னொரு காரணம், அது அப்பாரு காலத்துச் சுவர், மண்சாந்தில் செங்கல் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசியது. அதில் கூரையை மாட்டினால் ஒவ்வொரு ஆடியிலும் கூரை சுவரை ஆட்டும். பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். கூரை தனியாக, தன் காலில் நிற்கட்டும். வீட்டுப் பக்கம் நாலு தூண், வெளிப்பக்கம் நாலு தூண் என்று எட்டுத் தூண் வைத்தோம். செலவு கொஞ்சம் கூடத்தான், ஆனால் சுவர் தப்பித்தது.

குழிதான் வேலையிலேயே பெரிய வேலை. திண்ணைக் கல்லை எடுத்து, நிரப்பியிருந்த மண்ணையும் தாண்டி, கீழே சரளை தட்டுகிற வரைக்கும் தோண்டி, அதற்குள் ரெண்டடிக்கு ரெண்டடி, இரண்டரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட். ஒரு குழியின் கான்கிரீட் மட்டும் 600 கிலோவுக்கு மேல் வரும். எட்டுக் குழிக்கு அஞ்சு டன். காத்து இரண்டு டன் இழுக்கட்டும், பார்க்கலாம். கான்கிரீட்டிலேயே ஒன்றரை அடி நீளத்துக்கு வளைத்த போல்டுகளைப் புதைத்து, அதன்மேல் பேஸ் பிளேட்டு, அதன்மேல் தூண். தூண் பைப்பை அப்படியே மண்ணிலோ கான்கிரீட்டிலோ புதைக்க விடாதீர்கள். பொடக்காலியில் பாத்திரம் கழுவுகிற தண்ணியும் சோப்பும் எந்நேரமும் ஓடும், தரையை ஒட்டின இடத்தில்தான் பைப்பு முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும். நாங்கள் தரையைவிட ஆறு இஞ்ச் உயர்த்திச் சின்னப் பீடம் கட்டி அதன்மேல் பிளேட்டை வைத்தோம். வேலைக்கு வந்த தம்பிகள், "அக்கா, பாலத்துக்குப் போடற மாதிரி போடறீங்க" என்றார்கள். சொல்லட்டும்.

பைப்பு விஷயத்தில் கேஜ் என்பது தலைகீழ்க் கணக்கு, எண் பெரிதானால் தகடு மெலிசு. பழைய கூரையில் 18 கேஜ் போட்டிருந்தார்கள். இந்த முறை தூணுக்கு 14 கேஜ், அதாவது ரெண்டு மில்லிமீட்டர், குறுக்குச் சட்டங்களுக்கு 16 கேஜ். வாங்கும்போது கடையிலேயே பைப்பின் வாயில் அளந்து பார்த்துவிடுங்கள். வெல்டிங் வைத்த இடமெல்லாம் தேய்த்துச் சுத்தம் பண்ணி, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்த பிறகுதான் பெயிண்ட். பைப்பின் திறந்த வாய்களுக்குத் தகடு வைத்து அடைத்தோம், இல்லாவிட்டால் உள்ளே தண்ணி போய்த் துரு பிடிக்கும், குளவியும் கூடு கட்டும்.

அப்புறம் எந்த ஷீட்டு என்பது. மாமனாருக்கு ஓடுதான் போடவேண்டும் என்று ஆசை. வீட்டின் மேல் இருப்பது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள் 1865-ல் மங்களூரில் பட்டறை போட்டுச் செய்ய ஆரம்பித்த வகை. ஓடு போட்டால் சூடு இறங்காது, கனமும் இருக்கும், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஓட்டுக்கு நல்ல சரிவு வேண்டும், 25 டிகிரியாவது. பன்னிரண்டு அடிக்கு அந்தச் சரிவு வைத்தால் ஒரு ஓரத்துக்கும் இன்னொரு ஓரத்துக்கும் அஞ்சரை அடி வித்தியாசம் வரும். எறவாணத்துக்கு அடியில் ஆரம்பித்தால் வெளி ஓரம் இடுப்புக்கு வந்துவிடும். தகர ஷீட்டுக்கு எட்டுக்கு ஒன்று சரிவு போதும், பன்னிரண்டு அடிக்கு ஒன்றரை அடி. வேறு வழியில்லை என்று மாமனாரும் ஒத்துக்கொண்டார்.

சிமெண்டு ஷீட்டு விலை குறைவுதான், நான் வேண்டாம் என்றேன். அதில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறது. துளை போடும்போதும் உடையும்போதும் பறக்கிற தூள் நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். உலக சுகாதார நிறுவனம் எல்லா வகை ஆஸ்பெஸ்டாசையும் அப்படித்தான் சொல்கிறது. தென்னை நிற்கிற பொடக்காலியில் ஒரு மட்டை விழுந்தால் போதும், ஷீட்டு உடையும், தூள் நாம் சாப்பாடு செய்கிற இடத்தில் விழும். வெளிச்சத்துக்குப் பாலிகார்பனேட் ஷீட்டு ஒன்று நடுவில் போடலாம் என்றார்கள். வெளிச்சத்தோடு வெயிலின் சூடும் சேர்ந்து இறங்கும் என்று அதையும் விட்டோம். எப்படியும் மூன்று பக்கம் திறந்த திண்ணைக்கு வெளிச்சத்தில் என்ன குறை. கலர் ஷீட்டிலேயே வெள்ளை நிறம் எடுத்தோம். நீலமும் சிவப்பும் பார்க்க நன்றாக இருக்கும், வெயிலைக் குடிக்கும். வெள்ளை திருப்பி அனுப்பிவிடும். கையை வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது.

ஸ்க்ரூ ஒரு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். காத்து கூரையின் நடுவைவிட ஓரத்தையும் மூலையையும்தான் அதிகமாக இழுக்கும், பிய்வது அங்கே இருந்துதான் ஆரம்பிக்கும். அதனால் நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ என்றால், ஓர வரிசைகளில் ஒவ்வொரு மேட்டிலும் அடிக்கச் சொன்னேன். மேட்டில் அடித்தால் தண்ணி நிற்காது. ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் இருக்கிற கருப்பு ரப்பர் வாஷர் லேசாக அமுங்க வேண்டும், பிதுங்கக் கூடாது. வேகத்தில் மெஷினை வைத்து இறுக்கினால் வாஷர் பிதுங்கி, ரெண்டு கோடையில் வெடித்து, மழை ஒழுக ஆரம்பிக்கும். இது ஒன்றுக்காக நான் நாள் முழுக்க ஏணி அடியிலேயே நின்றேன். மேற்கே ஷீட்டு சட்டத்தைத் தாண்டி அரையடிக்கு மேல் நீளக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். ஓரம் நீள நீளக் காத்துக்குப் பிடி கிடைக்கும்.

திண்ணை முழுசுக்கும் கூரை போடவில்லை. 18 அடியில் 12 அடிதான். மீதி ஆறடி வெயிலுக்கு. மிளகாயும் வடகமும் கொப்பரையும் எங்கே காய்வது? ராத்திரி கட்டிலை இழுத்துப் போட்டு வானத்தைப் பார்க்க ஆத்தாவுக்கும் ஒரு இடம் வேண்டும். பொடக்காலி முழுசையும் மூடிவிட்டு அப்புறம் துணி காயவில்லை என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வெயிலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தப்பாக எதிர்பார்க்கிறார்கள். நம் ஊரில் ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 25 வாக்கிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். இடைப்பட்ட நாளில் உச்சியிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த உச்சி வெயிலைக் கூரை தடுக்கும். சாயங்கால வெயிலைத் தடுக்காது. மே மாதம் நாலரை மணிக்குச் சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கிறது. எங்கள் கூரையின் வெளி ஓரம் ஆறேமுக்கால் அடி உயரம். அந்தச் சாய்வில் வெயில் பன்னிரண்டு அடி உள்ளே வந்து சமையலறைச் சுவரையே தொட்டுவிடும். கூரையை இன்னும் ரெண்டடி நீட்டினாலும் அஞ்சு மணிக்கு மறுபடி வெயில் உள்ளே வந்து நிற்கும். அதற்குப் பக்கத்தில்தான் மறைப்பு வேண்டும்.

நாங்கள் படல் கட்டுகிறோம். மூங்கில் சட்டத்தில் தென்னந்தடுக்கு வைத்துக் கட்டினது, ஆளுயரம், மேற்கே நாலு படல். மாசியில் மாட்டினால் வைகாசி பாதியில் கழட்டி மாட்டுக் கட்டுத்தறிக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடுவோம். வெயில் காலத்துக்கு மறைப்பு, காத்துக் காலத்துக்குத் திறப்பு. நிரந்தரமாகச் சுவரோ கண்ணாடியோ வைத்தால் அது மறுபடியும் மூச்சடைக்கிற வேலை. பச்சை வலையும் கட்டலாம், ஆனால் தடுக்குக்கு அடியில் இருக்கிற குளிர்ச்சி வலையில் இல்லை. எங்கள் தோப்பு மட்டைக்கு விலையும் இல்லை. ஆத்தாவே உட்கார்ந்து பின்னிக் கொடுக்கிறார், ஒரு நாளைக்கு ரெண்டு.

மழைத் தண்ணியை வீணாக்காதீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் புதுக் கூரையும் அதன்மேல் வடிகிற பழைய ஓட்டுச் சரிவும் சேர்த்து 44 சதுர மீட்டர், 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,200 லிட்டர். மேற்கு ஓரத்தில் தகரக் காவா வைத்து, பைப்பு வழியாகப் பழைய குழிக்கு விட்டோம். 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னபோது வெட்டி, அப்புறம் யாரும் கண்டுகொள்ளாமல் மண் மூடிக் கிடந்த குழி. அதைத் தூர்வாரினோம். காவாவுக்கு ஒரு ஓரமாகச் சரிவு வையுங்கள், இல்லையென்றால் தென்னம்பூவும் இலையும் அடைத்துக் கொசு வரும்.

லைட்டுக்கு ஒயர் இழுக்கும்போது பிளாஸ்டிக் பைப்புக்குள்தான் இழுக்க வேண்டும். தகரத்தில் உராய்ந்து ஒயரின் மேல்தோல் போனால் தூணைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும், குழந்தைகள் இருக்கிற வீடு. தூணுக்கு எர்த்தும் கொடுத்துவிட்டோம்.

மழைச் சத்தம் இருக்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. மயில் வேறு. எங்கள் பக்கம் மயில் இப்போது கோழி மாதிரி ஆகிவிட்டது, விடியற்காலம் நாலைந்து வந்து ஷீட்டின் மேல் தொப்பென்று குதித்து நடக்கும், குழந்தை எழுந்துவிடுவான். இப்போது அவனுக்கும் பழகிவிட்டது.

செலவு, 2022 மாசியில், கூலியும் பொருளும் சேர்த்துச் சதுர அடிக்கு 260 ரூபாய் ஆயிற்று, குழிக்கும் கான்கிரீட்டுக்கும் தனி. முதல் கூரைக்கு 190. உடைந்த ஓட்டை மாற்றியது, சுவரைப் பூசியது எல்லாம் கூட்டிப் பார்த்தால் எது மலிவு என்று உங்களுக்கே தெரியும். பணம் குறைவாக இருந்தால் கூரையின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், குழியின் ஆழத்தைக் குறைக்காதீர்கள்.

முதல் ஆடிக்கு, அந்த 2022-ல், நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. காத்து எழும்பும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போவார். ஒரு ராத்திரி நானும் கூடப் போய்ச் சுவரோரம் நின்றேன். மேற்கே இருந்து காத்து உள்ளே வந்தது, என் முகத்தில் அடித்தது, சுவரில் முட்டியது, அப்புறம் தலைக்கு மேலே அந்த ஒரு சாண் சந்தில் ஊஊவென்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே போனது. தூணில் கை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஆத்தா உள்ளே இருந்து, "கூரை மூச்சு உடுதா அம்மிணி?" என்று கேட்டார். "உடுதுங்க ஆத்தா" என்றேன்.

ஒவ்வொரு வருஷமும் வைகாசியில் படலைக் கழட்டுகிற அன்றைக்கே ஏணி போட்டு ஏறி ஸ்க்ரூவை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிடுகிறோம். இந்த முறை பதினோரு வாஷர் வெடித்திருந்தது, எல்லாம் மேற்கு ஓர வரிசை, மாற்றிவிட்டோம். வடமேற்கு மூலைத் தூணின் பேஸ் பிளேட்டில் பெயிண்ட் உரிந்து துரு தெரிகிறது. பாத்திரம் கழுவுகிற மூலை அது. ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும், டப்பா வாங்கி வைத்தாயிற்று.